பாறையடியில் இல்லாதவர்

ஐஸ் அக்காவிடம் வாயைக் கொடுத்து மீண்டவர்கள் அந்தப் படகுத்துறையில் குறைவு. ஆள் நீளத்துக்கு இருக்கும் ஐஸ் பாளத்தைக் கொக்கியால் இழுத்து இயந்திரத்தின் வாயில் தள்ளுவாள். அது கடகடவென்று கடித்துத் துப்பும். அந்தச் சத்தத்துக்கும் மேலே அவள் சத்தம் கேட்கும். "பெட்டிய நேரா வைய்யா. மீனு செத்துப்போச்சு, அது சாஞ்சு கெடக்கலாம். உனக்கென்ன கேடு?" என்பாள். திட்டு வாங்கியவனும் சிரித்துக்கொண்டே பெட்டியை நிமிர்த்தி வைப்பான். அவள் திட்டாத நாளில்தான் துறையில் எல்லோருக்கும் பயமாக இருக்கும்.

அப்படி ஒரு நாள் வருஷத்துக்கு ஒருமுறை வரும். அது கவுன்சில் கூடுகிற நாள். அன்று காலையிலேயே ஐஸ் அக்காவின் வாய் காய்ந்துவிடும். துவைத்து மடித்த புடவையைக் கட்டிக்கொண்டு, புருஷனின் அக்காவான நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு, கவுன்சில் கூடத்தின் கடைசி வரிசையில் போய் உட்காருவாள்.

அந்த ஏரியும், அதைச் சுற்றியிருக்கிற நாணலும், ஓடை மணலும், மேட்டுச் சரிவில் நிற்கிற மரங்களும் வட்டாரக் கவுன்சிலின் பொறுப்பு. எந்த மாதம் வலை இறக்கலாம், வலைக்கண் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், எந்தப் பக்கத்து நாணலை அறுக்கலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்பதையெல்லாம் அங்கேதான் முடிவு செய்வார்கள். ஏரிக்கரையில் தும்முவதற்குக்கூடத் தீர்மானம் போட வேண்டும் என்று ஆட்கள் கிண்டல் செய்வார்கள். கிண்டல் செய்கிற அதே ஆட்கள்தான் பக்கத்துப் படகுக்காரன் பொடிக்கண் வலை விரித்தான் என்று முதல் ஆளாக ஓடிப்போய்ப் புகாரும் சொல்வார்கள்.

கவுன்சிலிடம் பழைய விதி ஒன்று இருந்தது. ஏரியில் ஒருவர் மூழ்கி உடல் கிடைக்காமல் போனால், வீட்டு மனுஷர் காட்டுகிற இடத்தைச் சுற்றிச் சிவப்பு மிதவை கட்டி மூடிவிட வேண்டும். மிதவைக்குள் யாரும் வலை இறக்கக் கூடாது. போனவரின் வீட்டு மனுஷர் சபையில் எழுந்து நின்று "இறக்கலாம்" என்று வாயால் சொன்னால்தான் மிதவையை அவிழ்க்கலாம். விதியை எழுதியவர் யாரோ, ஈர மனசுக்காரர். மீனோடு வேறெதுவும் வலையில் ஏறி வந்துவிடக் கூடாதே என்று நினைத்திருப்பார். பெரும்பாலும் ஒரு வருஷம், மிஞ்சிப்போனால் இரண்டு வருஷம். அழுது ஓய்ந்ததும் குடும்பத்தார் வந்து சொல்லிவிடுவார்கள்.

ஐஸ் அக்கா பத்து வருஷத்துக்கு மேலாகியும் சொல்லவில்லை. தலைவர் ஒவ்வொரு வருஷமும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "என்னம்மா, வலை இறக்கலாமா?" என்று கேட்பார். அவள் எழுந்து, "இன்னும் வேண்டாம்" என்பாள். கூடத்தில் நாற்காலிகள் கிறீச்சிடும். படகுக்காரர்கள் பெருமூச்சு விடுவார்கள். அவளும் நாத்தனாரும் யாரையும் பார்க்காமல் வெளியே வந்துவிடுவார்கள்.

மிதவை கட்டியிருந்த இடம் மொட்டைப் பாறைக்குக் கீழே, ஏரி உள்வாங்கிக் கிடக்கும் ஆழமான பகுதி. பாறையடி என்பார்கள். அவள் புருஷன் அங்கே மூழ்கினார் என்பது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அவர் அங்கே இல்லை. அவர் அங்கே போகவே இல்லை. அது ஐஸ் அக்காவுக்கு மட்டும் தெரியும். அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவருக்கு ஊரில் பேர் இருமல். நோய் ஒன்றும் இல்லை. அவருடைய படகு இன்ஜின் கயிற்றை இழுத்ததும் ஓடாது. முதலில் கிழவன் மாதிரி லொக்கு லொக்கென்று இருமும். கொஞ்சம் நிற்கும். திரும்ப இருமும். பிறகுதான் பிடித்துக்கொள்ளும். துறையில் அந்தச் சத்தம் கேட்டால், "இருமல் கிளம்பிட்டாரு" என்பார்கள். புது இன்ஜின் வாங்கச் சொல்லி ஐஸ் அக்கா நச்சரித்தபோது, "இதுவும் உன்ன மாதிரிதான். முதல்ல நாலு வார்த்தை திட்டும், அப்புறம் சொன்னபடி ஓடும்" என்று சிரித்தார். நிஜத்தில் சொன்னபடி ஓடுகிறவர் அவர்தான். மாடியில் துணி காய்கிறது என்றால் எடுத்து வருவார். யார் வீட்டிலாவது ஒரு சாவு என்றால் போய் நிற்பார். யார் எங்கே போகச் சொன்னாலும் போகிற மனுஷர்.

ஆனால் ஓடைவாயில் வலை போடாதே என்று கவுன்சில் சொன்னதை மட்டும் அவர் கேட்கவில்லை. மேட்டிலிருந்து ஓடை வந்து ஏரியில் கலக்கிற இடம் அது. மீன் முட்டை போட அங்கேதான் ஏறும் என்பதால் எப்போதுமே தடை. தடை என்று பலகை வைத்திருந்தார்கள். பலகை யார் வீட்டு அடுப்பிலோ எரிந்தது. திரும்ப வைத்தார்கள், அதுவும் எரிந்தது. எல்லோரும் திருட்டுத்தனமாகப் போனார்கள், அவரும் போனார். ஒருமுறை மாட்டினார். இன்னொருமுறை மாட்டினால் படகைப் பறித்துவிடுவோம் என்று கவுன்சிலில் எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள்.

அந்த நாள் காலையிலும் அவர் ஓடைவாய்க்குத்தான் போனார். அவளிடம் சொல்லவில்லை, பின்வாசலில் நின்று படகு போன பக்கத்தைப் பார்த்தே அவள் தெரிந்துகொண்டாள். மத்தியானம் அவருடைய படகு நடு ஏரியில் ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்தது. கவுன்சில் ஆட்களும் படகுக்காரர்களும் ஐஸ் கொட்டகைக்கு வந்து அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "எந்தப் பக்கம் போனாரு? சீக்கிரம் சொல்லும்மா" என்றார்கள்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் மனசுக்குள் ஒரு படம் ஓடியது. காவல் படகைப் பார்த்துவிட்டு மனுஷர் தண்ணீரில் குதித்து நாணலுக்குள் ஒளிந்திருக்கிறார். கட்டாத படகு நழுவி வந்துவிட்டது. சாயந்திரம் சொட்டச் சொட்ட நனைந்து, அசடு வழிய வந்து நிற்பார். இப்போது ஓடைவாய் என்று சொன்னால் படகு போய்விடும். படகு போனால் பிழைப்பே போய்விடும். இதெல்லாம் ஒரு மூச்சு இழுக்கிற நேரத்தில் ஓடி முடிந்தது. அவள் கையை நீட்டி, ஓடைவாய்க்கு நேர் எதிர்ப்பக்கம், மொட்டைப் பாறையைக் காட்டினாள்.

எல்லாப் படகும் பாறையடிக்குப் போயின. சாயந்திரம் அவர் வரவில்லை. விடிந்ததும் சொல்லிவிடலாம் என்று இருந்தாள். விடிவதற்குள் மேட்டில் மழை பிடித்துக்கொண்டது. ஓடை செம்மண்ணைச் சுருட்டிக்கொண்டு வந்து ஓடைவாயை மூடியது. முழங்காலளவு சேறு. இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ஒரு பக்கம் தோன்றியது. சொன்னால் நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று இன்னொரு பக்கம். உயிரோடு கிடந்திருப்பாரோ, கூப்பிட்டிருப்பாரோ என்ற நினைப்பு வந்தபோது அவளுக்கு வாய் கட்டிப்போயிற்று. பாறையடியில் தேடித் தேடிக் கைவிட்டார்கள். சிவப்பு மிதவை கட்டினார்கள். ஒவ்வொரு மிதவையாகக் கட்டும்போது துறை முழுக்கத் தலைகுனிந்து நின்றது. அவளும் நின்றாள்.

அதற்குப் பிறகு பாறையடியில் பேய்க்கதைகள் முளைத்தன. டீக்கடையில் அதுதான் பேச்சு. "நேத்து பாறையடிப் பக்கமா வந்தேன், லொக்கு லொக்குன்னு சத்தம் கேட்டுச்சு, திரும்பியே பாக்கல" என்பான் ஒருவன். நெட்டையன் என்று ஒரு படகுக்காரர் உண்டு. அவர் மிதவை ஓரமாக வலை போட்டபோது ஈரக்கை ஒன்று வலையைப் பிடித்து இழுத்ததாகச் சத்தியம் செய்தார். பொடிக்கண் வலையும் திருட்டு வலையுமாக ஏரியைச் சுரண்டித் தின்றவர்கள், பாறையடிக்குள் ஒரு துடுப்பைக்கூட விடவில்லை. கவுன்சில் பலகையை அடுப்பில் வைத்தவன்கூட அந்தச் சிவப்பு மிதவையைத் தொடவில்லை.

ஐஸ் அக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. இல்லாத இடத்தில் ஒரு மனுஷர் எப்படி இருமுவார்? போகப் போகச் சிரிப்பு நின்றுவிட்டது. யார் கூப்பிட்டாலும் போகிறவராயிற்றே. ஊரே சேர்ந்து தினமும் பாறையடிக்குக் கூப்பிடுகிறதே, போயிருப்பாரோ என்று தோன்றும். அப்படித் தோன்றுகிற நாளில் ஐஸ் பாளத்தை இழுக்கிற கை மரத்துப்போகும்.

அதைவிடக் கொடுமை ஓடைவாய் மீன். அங்கே பிடித்த மீனுக்குச் செவுளில் செம்மண் ஒட்டியிருக்கும். எவனும் எங்கே பிடித்தேன் என்று சொல்லமாட்டான். ஐஸ் போடும்போது பெட்டியிலிருந்து சிவப்புத் தண்ணீர் கசிந்து சிமெண்டுத் தரையில் ஓடும், அதுவே சொல்லிவிடும். அவள் மாட்டை விரட்டுவது போலப் பெட்டிக்காரனை விரட்டிவிட்டு, தரையை வாளி வாளியாகக் கழுவுவாள். அவர் கிடக்கிற இடத்தில் தினமும் வலை இறங்குகிறது. அவர்மேல் வலைக்கல் விழுகிறது, கயிறு உரசுகிறது. அந்த மீன் எதைக் கொத்தி வளர்ந்தது என்ற நினைப்பு வரும். வந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

சாயந்திரம் வேலை முடிந்து வீட்டுப் பின்வாசல் படியில் உட்காருவாள். நாத்தனார் உள்ளே தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்காருவாள். தம்பி போனபிறகு வேறு போக்கிடமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டவள் அவள். பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்துக் கொடுப்பாள். தைக்கிற நூலை எண்ணிச் செலவு செய்வது போலத்தான் பேச்சையும் செலவு செய்வாள். வெளிச்சம் மங்கும்போது ஓடைவாய்ப் பக்கமிருந்து இன்ஜின் சத்தம் வரும். லொக்கு லொக்கென்று இருமும். திருட்டு வலைக்காரன் எவனோ பழைய இன்ஜினை இழுக்கிறான் என்று ஐஸ் அக்கா தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். வருஷக்கணக்காக அதைச் சொல்லிச் சொல்லித்தான் அந்தப் படியில் அவளால் உட்கார முடிந்தது.

இதற்கிடையில் ஏரி இளைத்துக்கொண்டே வந்தது. வலை வெறுமையாக ஏறியது. ஐஸ் பாளம் பாதிக்கு மேல் உடைக்கப்படாமல் கரைந்தது. படகுக்காரர்கள் கவுன்சிலைத் திட்டினார்கள், கவுன்சில் படகுக்காரர்களைத் திட்டியது. பிறகு மெல்ல மெல்ல ஒன்று தெரியவந்தது. பாறையடி மிதவையை ஒட்டி வலை போட்டால் மட்டும் மீன் ஏறியது. ஆள் கைபடாத தண்ணீரில் மீன் பெருகி, வழிந்து வெளியே வந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான், எல்லோருடைய கண்ணும் பாறையடிக்குள் போனது. "எத்தன வருஷம்தான் அழுவா? போனவன் போயிட்டான், இருக்கறவன் வயிறு?" என்று காதுபடவே பேசினார்கள். ஐஸ் அக்கா பதிலுக்கு நாலு கொடுத்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த வருஷம் கவுன்சிலுக்குப் புதிதாக மீன்வள அதிகாரி ஒருத்தி வந்தாள். சின்ன வயசு. துறையில் அவளுக்கு மீன் மேடம் என்று பேர் வைத்துவிட்டார்கள். தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று திரையில் காட்டுகிற கருவி ஒன்றையும் படகோடு கொண்டுவந்திருந்தாள். கூட்டத்துக்கு முந்தின வாரம் ஐஸ் கொட்டகைக்கு வந்து, ஈரத்தரையில் வழுக்கிவிடாமல் காலை ஊன்றி ஊன்றி நடந்து, ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, இந்த வருஷம் நீங்க சரின்னு சொல்லிடாதீங்க" என்றாள்.

ஐஸ் அக்கா இயந்திரத்தை நிறுத்தினாள். இத்தனை வருஷத்தில் அவளிடம் இப்படிக் கேட்ட முதல் ஆள் இவள்தான்.

"இந்த ஏரில மிச்சம் இருக்கற மீனெல்லாம் பாறையடில பொறந்ததுதான். அத தொறந்தா ரெண்டு வருஷத்துல துறைய மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

"அதுக்கு என்கிட்ட ஏன் வர்றே? கவுன்சில் உத்தரவு போடட்டுமே."

"உத்தரவு போட்டா யாரு மதிக்கிறா? ஓடைவாய்ல போட்ட உத்தரவு என்ன ஆச்சு? எங்களுக்குக் காவலுக்கு ஆளும் இல்ல, படகும் இல்ல. பாறையடிக்கு மட்டும் யாரும் போகல. ஏன்னு உங்களுக்கே தெரியும்." அதிகாரி தயங்கினாள். "தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. உங்க வீட்டுக்காரர்தான் அங்க காவல் இருக்காரு."

ஐஸ் அக்கா கொக்கியைக் கீழே வைத்தாள். சுற்றி வளைத்து, ஏதோ பேச்சுக்குக் கேட்பது போல, "அந்தக் கருவிய வச்சு ஆளு கெடக்கற எடத்தக் கண்டுபிடிக்க முடியுமா?" என்று கேட்டாள்.

"சேத்துக்குள்ள இருந்தாலும் ஓரளவு தெரியும். உங்களுக்கு வேணும்னா தேடிப் பாக்கலாம்."

"எங்க வேணா தேடலாமா?"

கெட்டிக்காரப் பெண். அதிகாரி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். "எங்க வேணா தேடலாம். ஆனா அவரு பாறையடில இல்லன்னு தெரிஞ்சா, மறுநாளே அங்க வலை இறங்கிடும். நான் ஒருத்தி தடுக்க முடியாது" என்றாள். எழுந்து பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

அந்த வாரம் முழுக்க ஐஸ் அக்கா துறையில் யாரையும் திட்டவில்லை. நெட்டையன் வேண்டுமென்றே பெட்டியைக் கோணலாக வைத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. அவரே பயந்து நேராக வைத்தார்.

அவளுக்கு அவரைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு எலும்பாவது கையில் கிடைக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு, தப்பான இடத்தைக் காட்டிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒருமுறை அழ வேண்டும். அந்தக் கருவி இப்போது துறையிலேயே கட்டிக் கிடக்கிறது. வாயைத் திறந்து ஓடைவாய் என்று சொன்னால் போதும். சொன்னால் பாறையடியில் பேயும் இல்லை, காவலும் இல்லை. ஏரியைத் துடைத்து எடுத்துவிடுவார்கள். அவள் ஐஸ் உடைக்கிற கொட்டகையும் மூடும், திட்டு வாங்குகிறவர்களும் பிழைப்பைத் தேடி ஆளுக்கொரு திக்காகப் போவார்கள். சொல்லாவிட்டால், அவர் காலாகாலத்துக்கும் வலைகளுக்கு அடியில் மிதிபட்டுக் கிடக்க வேண்டியதுதான். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் அவளுக்கு விடிவில்லை.

கூட்டத்தன்று கூடம் நிரம்பி வழிந்தது. மின்விசிறி சுற்றுவதைவிடச் சத்தம் போடுவதில் மும்முரமாக இருந்தது. பச்சைத் துணி விரித்த மேசைக்குப் பின்னால் தலைவர், பக்கத்தில் உறுப்பினர்கள், ஓரத்தில் மீன் மேடம். நாணல் பேச்சு முடிந்தது, மணல் பேச்சு முடிந்தது. தலைவர் தொண்டையைச் செருமினார். அது என்ன செருமல் என்று எல்லோருக்கும் தெரியும்.

"என்னம்மா, வலை இறக்கலாமா?"

ஐஸ் அக்கா எழுந்தாள். முதல் வரிசையில் நெட்டையன் திரும்பி அவளையே பார்த்தார். அதிகாரி தலையைக் குனிந்துகொண்டாள். நாத்தனார் மடியில் கைகளைக் கோத்து உட்கார்ந்திருந்தாள். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் ஐஸ் அக்கா எழுந்தாள். வாயைத் திறக்கும்போது செம்மண் தண்ணீர் ஓடுகிற சிமெண்டுத் தரை கண்ணில் வந்தது, அதன் பின்னாலேயே காலியாகக் கிடக்கும் கொட்டகையும் வந்தது. ஒன்றை விட்டால்தான் இன்னொன்று என்று யார் சொன்னது என்று திடீரென்று ஒரு கோபம் வந்தது. அவளுக்குக் கோபம் வந்தால் குரல் தானாக வந்துவிடும்.

"பாறையடில வேண்டாம். அவரு அங்கதான் இருக்காரு" என்றாள். "இன்னொரு எடத்துலயும் மிதவை கட்டணும். ஓடைவாய்ல. அங்கயும் இருக்காரு."

பின்னாலிருந்து யாரோ கொக்கரித்துச் சிரித்தார்கள்.

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா இது, ஒரு ஆளு ரெண்டு எடத்துல எப்படிக் காணாமப் போவாரு?"

"தண்ணி ஒரு எடத்துலயா நிக்குது? அவரும் நிக்கல. பாறையடில கேட்ட சத்தம் எனக்கு ஓடைவாய்லயும் கேக்குது. வீட்டு மனுஷி காட்டற எடத்துல மிதவை கட்டணும்னுதானே உங்க விதி? காட்டிட்டேன்."

"கேக்குது கேக்குதுன்னா போதுமா? சாட்சி வேண்டாமா?" என்றார் ஒரு உறுப்பினர்.

அப்போது நாத்தனார் எழுந்து நின்றாள். இத்தனை வருஷமாக அந்தக் கூடத்தில் அவள் குரலை யாரும் கேட்டதில்லை. "நான் சாட்சி" என்றாள். "எனக்கும் அவன் ஓடைவாய்ல இருந்துதான் கூப்பிடறான். முதல் நாள்ல இருந்து."

ஐஸ் அக்கா திரும்பிப் பார்த்தாள். நாத்தனார் அவளைப் பார்க்கவில்லை. தலைவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய விரல்கள் மட்டும் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தன.

நெட்டையனின் முகத்தில் ஈயாடவில்லை. மெல்ல எழுந்து, "தலைவரே, அந்தம்மா சொல்றது நெசந்தான். நானே ஓடைவாய்ல வலைய இழுக்கறப்ப ரெண்டு மூணு தடவ அந்த இருமலக் கேட்டிருக்கேன். காத்துன்னு நெனச்சுட்டேன்" என்றார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். தடை போட்ட இடத்தில் வலை போட்டதைத் தன் வாயாலேயே சபையில் சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. அந்தச் சிரிப்பு ஓய்ந்தபோது இன்னொருவர் எழுந்து, "நானும் கேட்டேன்" என்றார். அவர் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஓடைவாயில் திருட்டு வலை போட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கை தூக்கச் சொன்னார் தலைவர். எல்லாக் கையும் மேலே போனது. உத்தரவு போட்டும் பலகை வைத்தும் கவுன்சிலால் காப்பாற்ற முடியாத ஓடைவாயை, செத்துப்போன ஒரு மனுஷரின் பேரைச் சொல்லி அன்றைக்குக் காப்பாற்றினார்கள். அதிகாரி குறிப்பு எழுதுகிற சாக்கில் தலையை நிமிர்த்தவே இல்லை. கருவியை வைத்துத் தேடும் பேச்சை அவள் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. ஐஸ் அக்காவும் கேட்கவில்லை. தேடினால் ஒரு இடத்தில்தான் கிடைப்பார்.

வெளியே வந்து இருவரும் ஏரிக்கரையோரமாக நடந்தார்கள்.

"அண்ணி, உங்களுக்கு எப்பத்துல இருந்து தெரியும்?" என்றாள் ஐஸ் அக்கா.

"அன்னிக்குக் காலைல டீய ஆத்திக் குடுத்தது நான்தானே. ஓடைவாய்க்குப் போறேன்க்கா, அவகிட்ட சொல்லாதன்னு சொல்லிட்டுத்தான் போனான்."

"அப்புறம் ஏன் நீங்க சொல்லல?"

"வந்துருவான்னு நானும்தான் நெனச்சேன். படகு போயிடக் கூடாதுன்னு நானும்தான் நெனச்சேன். அதுக்குள்ள நீ கைய நீட்டிட்ட." நாத்தனார் நின்றாள். "நீட்டுன கைய நான் எப்படி மடக்கறது? ஊரு முன்னாடி உன்னப் பொய்க்காரி ஆக்கவா? நாளாக ஆக, உனக்கே மறந்துபோச்சோ, நெசமாவே பாறையடின்னு நம்பறியோன்னு நெனச்சேன். நம்பிட்டே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஒரே வீட்டில், ஒரே படியில், தோளோடு தோள் உட்கார்ந்து, இரண்டு பேரும் ஒரே பொய்யைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறார்கள். ஐஸ் அக்காவுக்கு நாத்தனாரின் மேல் கோபம் வந்தது, தன் மேல் அதைவிட அதிகமாக வந்தது. அண்ணி ஏன் செவுளில் செம்மண் இருக்கிற மீனைக் கையால்கூடத் தொட்டதில்லை என்று அப்போதுதான் புரிந்தது. நடுவழியில் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு போகும்வரை விடவில்லை.

இரண்டு நாள் கழித்து மிதவை கட்டப் படகு போனது. ஐஸ் அக்காவைத்தான் முன்னால் உட்காரவைத்தார்கள். நெட்டையன்தான் இன்ஜினைப் பிடித்தார். அது அவருக்குக் கவுன்சில் கொடுத்த தண்டனை. ஓடைவாய் வந்ததும் வேகத்தைக் குறைத்து, "எங்கக்கா?" என்றார். அன்றைக்கு நீட்டிய அதே கையை அவள் நீட்டினாள். இந்த முறை கை சரியான பக்கம் இருந்தது. சேற்றுத் தண்ணீரில் முதல் மிதவை விழுந்ததும், "இனிமே உங்கள யாரும் மிதிக்க மாட்டாங்க" என்று வாய்க்குள் சொன்னாள். நெட்டையன் காது கேளாதவர் போல வேறு பக்கம் பார்த்தார்.

அன்று சாயந்திரம் துறையில் ஒருவரும் படகை எடுக்கவில்லை. எல்லாப் படகும் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. பின்வாசல் படியில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஓடைவாய்ப் பக்கம் சிவப்பு மிதவைகள் தவிர ஒன்றும் இல்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு இன்றைக்காவது அந்தச் சத்தம் இல்லாமல் பொழுது சாயும் என்று ஐஸ் அக்கா நினைத்தாள். அப்படி நினைத்தபோது நிம்மதியாகவும் இருந்தது, தாங்க முடியாத வெறுமையாகவும் இருந்தது.

வெளிச்சம் மங்கியது. ஓடைவாய்ப் பக்கமிருந்து லொக்கு லொக்கென்று சத்தம் வந்தது.

ஐஸ் அக்காவுக்கு அது திருட்டு வலைக்காரன் என்று சொல்லிக்கொள்ள இனி வழியில்லை.

"கேக்குதா?" என்றாள் நாத்தனார், குரலைத் தாழ்த்தி.

"கேக்குது அண்ணி."

சத்தம் நின்றது. திரும்ப இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது. தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும் நகர்ந்தது. வீட்டுக்குத்தான் வருகிறார் என்று ஐஸ் அக்கா எழுந்தே விட்டாள். புடவையைச் சரிசெய்துகொண்டாள். ஆனால் சத்தம் கரைப் பக்கம் திரும்பவில்லை. வீட்டைத் தாண்டி, நடு ஏரியைத் தாண்டி, எதிர்ப்பக்கம் மொட்டைப் பாறையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"போறான் பாரு," என்றாள் நாத்தனார், "நீ சொன்ன எடத்துக்கு."

ஐஸ் அக்கா படியிலேயே சரிந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பாறையடியில் சத்தம் அடங்கும்வரை இருவரும் உள்ளே போகவில்லை.